சிரிக்க வைத்தவனைக் காட்டிக் கொடுக்காதீர்கள்



ஒரு நாடகம் நின்றுபோன கதையிலிருந்து தொடங்குகிறேன். அதை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். 1977 கலவரத்துக்குப் பின்னும் 1983க்குப் பின்னும் மலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பங்கள்தான் இங்கே அதிகம். இரத்தினபுரி, பலாங்கொடை, நாவலப்பிட்டி என்று தாத்தாமார் விட்டு வந்த இடங்களின் பெயர்கள் இன்னும் எங்கள் வாயில் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்கு ஊர் இளைஞர்கள் இருபது நிமிட நாடகம் ஒன்றைத் தயாரித்தார்கள். நையாண்டி நாடகம். வன்னியில் சொன்னால் பகிடி நாடகம்.

அதில் மூன்று பேர் வருகிறார்கள். முதலாமவர் அரசியல்வாதி. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரே கட்டுத் தகரத்தைக் கொண்டுவந்து இறக்குவார். படம் பிடித்து முடிந்ததும் லொறியில் திரும்ப ஏற்றிவிடுவார். இரண்டாமவர் அலுவலகத்து ஐயா. காணி உறுதி கேட்டு வந்த கிழவியிடம் தாத்தாவின் பிறப்பு அத்தாட்சி கேட்கிறார். கிழவி மரண அத்தாட்சியை நீட்டினால், "இது செத்ததுக்கு அத்தாட்சி, பொறந்ததுக்கு எங்கே?" என்கிறார். மூன்றாமவர் சங்கத் தலைவர். கழுத்தில் மாலை விழுந்தால் பேச்சு தொடங்கும். மாலையைக் கழற்றினால் பேச்சு நின்றுவிடும். போன் அடித்தால் முதல் கேள்வி: "சந்தாவா, பிரச்சினையா?" சந்தா என்றால் நன்றாகக் கேட்கும். பிரச்சினை என்றால் சிக்னல் இல்லை.

விழாவுக்கு முந்திய இரவு, ஒத்திகை பார்க்க ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேர் போனோம். முதல் இரண்டு பேருக்கும் வயிறு நோகச் சிரித்தோம். மூன்றாமவர் வந்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. இருபது வருடம் சங்க வேலை பார்த்தவன் நான். ஒத்திகை முடிந்ததும் ஒரு பெரியவர் தொடங்கினார்: "எதுக்கு தம்பி வம்பு? நாம இருக்கற எடம் இன்னும் நம்ம பேர்ல இல்ல. சிஐடி வந்து பேர் கேட்டா யாரு பதில் சொல்றது?" எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். சிஐடி பயம் எனக்கும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் என் கோபத்தை ஒளித்துவைத்தேன் என்பதும் பொய்யில்லை.

நாடகம் நின்றது. சங்கத் தலைவராக நடித்த பையன் மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டான்: "மாமா, நீங்களும்தானே சிரிச்சீங்க? சிரிச்சது குத்தமா, சிரிக்க வெச்சது குத்தமா?"

அன்று பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

பயம் எங்கிருந்து வந்தது?

எட்டுப் பெரியவர்களைக் கோழைகள் என்று யாரும் ஏச வேண்டாம். வன்னியில் வாயை மூடிக்கொள்வது ஒருநாள் இரவில் வந்த பழக்கம் அல்ல. எங்களுக்கு அதைப் பலர், பல காலம், பல உடுப்புகளில் வந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் எங்கள் சொந்தக் கதை. மலையிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்தவர்களை வவுனியாப் பக்கம் குடியமர்த்தியது காந்தியம் அமைப்பு. கட்டிடக் கலைஞர் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் அதை நடத்தினார்கள். கிணறு வெட்டினார்கள், பாலர் பாடசாலை வைத்தார்கள், பண்ணை போட்டார்கள். 1983 ஏப்ரலில் இருவரையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சட்டம் யாரோ சிலருக்கு எதிரானது, நமக்குச் சம்பந்தமில்லை என்று மலையில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். நமக்குக் காணி காட்டியவர்கள்மீதே அது பாய்ந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும். 1979இல் தற்காலிகச் சட்டம் என்று வந்தது, 1982இல் நிரந்தரமாகிவிட்டது. நம் லயங்களும் இப்படித்தான் தற்காலிகம் என்று கட்டப்பட்டன. இந்த நாட்டில் தற்காலிகம் என்று சொன்னால் பேரப்பிள்ளை காலம் வரை என்று அர்த்தம்.

அடுத்தது, சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டியது. வவுனியா சேமமடுவைச் சேர்ந்த செல்வி என்ற கவிஞரை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? முழுப் பெயர் செல்வநிதி தியாகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தவர். பெண்களுக்காக 'தோழி' என்ற சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தபோது, வாங்குவதற்கு அவர் வெளியே இல்லை. வன்னி மண் பெற்ற பிள்ளை, தமிழில் எழுதியவள், தமிழர் பெயரால் ஆட்சி செய்தவர்களால் காணாமல் ஆக்கப்பட்டாள். கொழும்பு செய்தால் அடக்குமுறை, நம்மவர் செய்தால் கட்டுப்பாடு என்று இரண்டு தராசு வைத்திருந்தால் நிறுவை ஒருநாளும் சரியாக வராது. நிறுவையில் ஏமாற்றுவது எப்படி இருக்கும் என்று கொழுந்து பறிக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்த பிறகாவது பயம் போனதா? யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு, 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, கேலிச்சித்திரம் வரைந்த பிரகீத் எக்னெலிகொட வேலை முடிந்து வீடு திரும்பவில்லை. அவர் சிங்களவர். அவருடைய மனைவி சந்தியா நீதிமன்ற வாசலிலும் வீதியிலும் எத்தனை வருடம் நின்றிருக்கிறார் என்பதை நாடு பார்த்திருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கொட்டகை போட்டு உட்கார்ந்த எங்கள் தாய்மாருக்கும் அந்தச் சிங்களப் பெண்ணுக்கும் மொழி வேறு, கேள்வி ஒன்றுதான்.

2020 மே மாதம் வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் இருக்கும் மன்னார் சிலாவத்துறையில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியரைப் பிடித்தார்கள். குற்றம், அவர் எழுதிய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைப் புத்தகம். தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். தமிழில் அதைப் படித்த அறிஞர்கள், இந்தக் கவிதைகள் தீவிரவாதத்தைக் கண்டிக்கின்றன என்றார்கள். உள்ளே இருந்தது பத்தொன்பது மாதம். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டது, சரி. அந்தப் பத்தொன்பது மாதத்தை எந்த நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கும்?

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரியவர் "எதுக்கு வம்பு" என்று சொன்னால் அது கோழைத்தனம் அல்ல, அனுபவம். ஆனால் அனுபவம் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. துரையைக் கண்டால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பதும் ஒரு காலத்து அனுபவம்தான்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளிப்பாட்டுக்கும் உரிமை தருகிறது. அது "ஒவ்வொரு பிரஜையும்" என்று தொடங்குகிறது. 1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்த நம் மக்களுக்கு அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும். நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு அதே உறுப்புரை இந்த உரிமையைப் பத்து ஆண்டுக்கு மட்டும் என்று கணக்கு வைத்துக் கொடுத்தது. கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற பெயர் நமக்குப் போனது. ஆக, வாய் திறந்து பேசும் உரிமை நமக்குப் பாட்டன் சொத்து அல்ல. நேற்று கிடைத்தது. நேற்றுக் கிடைத்ததை இன்றைக்கே பயந்து திருப்பிக் கொடுக்கப் போகிறோமா?

பத்திரிகையில் அவதூறு எழுதினால் சிறை என்ற சட்டத்தை 2002இல் பாராளுமன்றம் நீக்கியது. நல்ல காரியம். ஆனால் ஒரு கதவைத் திறந்து மூன்று கதவைச் சாத்தினார்கள். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரில் 2007இல் ஒரு சட்டம் வந்தது. பெயரைப் பார்த்தால் உரிமை கொடுக்க வந்ததுபோல் இருக்கும். இனத்தையும் மதத்தையும் வைத்து வன்முறை தூண்டுவோரைப் பிடிப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். 1983ஐப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். 2018இல் திகனையில் கடைகள் எரிந்தபோது கண்டியில் இருந்த நம் தோழர்களும் சொல்ல மாட்டார்கள்.

அந்தச் சட்டத்தில் யாரைப் பிடித்தார்கள்? 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை, ஒரு சிறுகதைக்காக. நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். 2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய என்ற பெண்ணை, மேடையில் சொன்ன பகிடிக்காக, கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்து. ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்து ஜூலை மாதம் மேல் நீதிமன்றத்தில் பிணை பெற்றார். அவர் சொன்ன பகிடி எல்லோருக்கும் பிடிக்க வேண்டியதில்லை. எனக்கும் எல்லாப் பகிடியும் பிடிக்காது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், பதில் சொல்லலாம், திட்டி எழுதலாம். அவருடைய பேச்சைக் கேட்டு யாராவது கத்தி தூக்கினார்களா? கடை எரித்தார்களா? இல்லை. பிறகு சிறை எதற்கு?

மூன்றாவது கதவு, நிகழ்நிலைக் காப்புச் சட்டம். வாக்கெடுப்பில் 108க்கு 62. ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, இணையத்தில் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்குமாம். பாராளுமன்றத்தில் அது நிறைவேறிய நாள் 2024 ஜனவரி 24. பிரகீத் காணாமல் போன அதே திகதி, பதினான்கு வருடம் கழித்து. திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். அந்த நாளை நினைத்துப் பார்க்கவும் இல்லை என்பதுதான் விஷயம்.

நையாண்டிக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தகரக் கட்டை லொறியில் திரும்ப ஏற்றும் அரசியல்வாதி எந்த ஊரிலும் இல்லை. எல்லா ஊரிலும் இருக்கிறார். அது பொய்யும் அல்ல, செய்தியும் அல்ல. கூட்டிக் காட்டியதால்தான் உண்மை தெரிகிறது. இதை ஒரு ஆணைக்குழுவின் முன் வைத்து "தகரத்தைத் திரும்ப ஏற்றியதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டால், அதுவே இன்னொரு நாடகம் ஆகிவிடும்.

சங்கம் பிறந்தது வாயில்தான்

"பசித்தவனுக்குப் பகிடி எதற்கு? சம்பளத்தைப் பேசுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். பேசுவோம். அதற்குமுன் சம்பளத்தைப் பேசும் வாய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நம் பாட்டிமார் மலையில் கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டில் கங்காணிக்கு அடி விழும், கணக்கப்பிள்ளைக்கும் விழும், துரைக்கும் விழும். பிரட்டுக்களத்தில் நிமிர்ந்து பார்க்க முடியாதவனை நிரையில் நின்று பாட்டில் வைத்துக் கிழித்தார்கள். கூத்துக் கட்டினால் ராஜாவைக் கோமாளி கேலி செய்வான். ராஜா கோபிக்கக் கூடாது என்பது கூத்தின் விதி. மலையின் காமன் கூத்துக்காரனும் வன்னியின் கூத்துக்காரனும் இதை அறிவார்கள். அந்தக் காலத்தில் நமக்குச் சங்கமும் இல்லை, வாக்கும் இல்லை. இருந்த ஒரே ஆயுதம் சிரிப்பு.

1920களில் கோ. நடேசய்யர் வந்தார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரிபோல் உள்ளே போய் நம் நிலைமையைப் பார்த்தார். 'தேசநேசன்' பத்திரிகையை நடத்தினார், துண்டுப்பிரசுரம் அடித்தார், நாடகம் எழுதினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டாகவே பாடிக் கூட்டத்தைச் சேர்த்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தபோது அதற்கு முன்னால் பத்து வருடம் எழுத்தும் பாட்டும் ஓடியிருந்தன. துரைமார் பயந்தது அவருடைய தடிக்கு அல்ல, தாளுக்கு.

1937இல் பிரேஸ்கேர்டில் கதை. மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரையாகப் பழக வந்த வெள்ளைக்கார இளைஞன். தொழிலாளி பக்கம் நின்றான் என்று வேலை போனது. அந்த ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஆயிரக்கணக்கான தோட்ட மக்கள் முன்னால் நின்று, துரைமார் உங்களைச் சுரண்டுகிறார்கள் என்று பேசினான். அவ்வளவுதான். நாட்டை விட்டுப் போ என்று ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளை போட்டார். பிரேஸ்கேர்டில் ஒளிந்துகொண்டான், மே மாதம் காலிமுகத்திடல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேடையேறினான். பிறகு பிடிபட்டபோது உயர் நீதிமன்றம் ஆளுநரின் கட்டளை செல்லாது என்று விடுவித்தது. ஒரு பேச்சுக்கு வந்த தண்டனையை நீதிமன்றம் தள்ளிய அந்த வழக்கு, இந்த நாட்டின் பேச்சுச் சுதந்திரத்துக்குப் பெரிய வழக்குகளில் ஒன்று. அந்தப் பேச்சு யாருக்காகப் பேசப்பட்டது? நமக்காக. பேச்சுச் சுதந்திரம் கொழும்பில் படித்தவர்களின் விவகாரம் என்று நினைக்கும் தோழர்கள் இதை மறக்க வேண்டாம்.

சம்பளத்துக்கு வருவோம். 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் கேட்டு நம் இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். எந்தப் பெரிய தலைவரும் பஸ் பிடித்துக் கொடுக்கவில்லை. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படம் போட்டு, கேலி போட்டு, தலைவர்மாரின் பழைய வாக்குறுதிகளைத் தோண்டிப் போட்டு ஆள் சேர்த்தார்கள். அந்தக் கேலிக்குத்தான் பல தலைவர்கள் தூக்கத்திலிருந்து எழும்பினார்கள். ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். கேலி மட்டுமே அதைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. கேலி இல்லாவிட்டால் இன்னும் "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நம்மைக் கேலி செய்தால்?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. "தோட்டக்காட்டான்" என்று நம்மைச் சொல்லிச் சிரிக்கிறார்களே, அதுவும் சுதந்திரமா? வன்னியில் இது புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பேச்சைப் பழித்துக் காட்டுகிறார்கள். கூலிவேலைக்குப் போன இடத்தில் தனிக் குவளை வைத்த வீடுகளை எங்கள் தாய்மார் மறக்கவில்லை.

நையாண்டி என்பது கீழே நிற்பவன் மேலே நிற்பவனைப் பார்த்து எறிவது. மேலே நிற்பவன் கீழே கிடப்பவன் தலையில் துப்பினால் அதற்குப் பெயர் நையாண்டி அல்ல, இளக்காரம். இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

ஆனால் இளக்காரம் செய்பவனைப் பிடித்து உள்ளே போடு என்று நாம் பொலிஸிடம் ஓட வேண்டுமா? என் பதில்: வேண்டாம். ஆள் சேர்த்து அடிக்கச் சொன்னால், வீட்டை எரிக்கச் சொன்னால் பொலிஸுக்குப் போக வேண்டும், விடவே கூடாது. வெறும் இளக்காரத்துக்கு நம் பதில் நம் வாயில் இருக்கிறது. நம்மைக் காக்க என்று நாம் கேட்டு வாங்கும் கம்பு, முதலில் நம் முதுகில்தான் விழும். பயங்கரவாதத் தடைச் சட்டமும் நாட்டு மக்களைக் காக்க என்று சொல்லித்தான் வந்தது. இளக்காரம் செய்பவனைவிட நல்ல நாடகம் போடத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடை கொடுத்தால் போதும். அந்த மேடையைத்தான் நாங்கள் பிடுங்கினோம்.

தலைவரைச் சிரித்தால் சங்கம் உடையுமா?

இப்போது என் சொந்தப் புண்ணுக்கு வருகிறேன். அரசியல்வாதியைக் கேலி செய்தால் கைதட்டி, சங்கத் தலைவரைக் கேலி செய்தால் முகம் சுளித்தேனே, அது ஏன்?

"எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்கக் கூடாது, ஒற்றுமை முக்கியம்" என்பது நமக்குத் தெரிந்த பதில். இதே பதிலைச் சொல்லித்தான் கொழும்பு வாயை மூடச் சொன்னது, வன்னியில் ஆண்டவர்களும் வாயை மூடச் சொன்னார்கள். நாமும் அதையே சொன்னால், அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் ஆயுதத்தின் அளவு மட்டும்தான்.

நாம் நேசிக்கும் ஒருவரிடமிருந்தே பாடம் எடுப்போம். எம்.ஜி.ஆர். நம் மலைநாட்டு மண்ணில் பிறந்தவர். நம் லயங்களில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அவர் முதலமைச்சராக இருந்த 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு பகிடி வந்தது. மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரன்போல் இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன்போல் இருப்பவர் மந்திரி என்று பதில். சட்டசபைக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியர் பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்மானித்து உள்ளே போட்டார்கள். நாடே எழும்பிக் கத்தியதில் சில நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி ஆயிரம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அந்த ஆயிரம் ரூபாயை அவர் செலவழிக்கவில்லை, சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

எம்.ஜி.ஆர். படத்தை யாரும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அவ்வளவு அன்பு பெற்ற தலைவரின் சபைகூட ஒரு வரிப் பகிடியைத் தாங்க முடியாமல் தடுமாறியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பகிடி வெளிவந்ததால் ஆட்சி கவிழவில்லை. பகிடிக்காரனை உள்ளே போட்டதால்தான் பெயர் கெட்டது.

சங்கமும் அப்படித்தான். தலைவரைப் பார்த்துச் சிரிக்க முடியாத தொழிலாளி, தலைவரிடம் சந்தாக் கணக்குக் கேட்க மாட்டான். கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் எங்களிடம் ஏன் காட்டவில்லை என்றும் கேட்க மாட்டான். சிரிப்பு கேள்வியின் முதல் படி. அதை அடைத்தால் கேள்வி நின்றுபோகும். கேள்வி நின்ற சங்கத்தைக் கம்பெனி ஒரு தேநீர் கொடுத்து வாங்கிவிடும். ஒற்றுமை என்பது எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் மூடுவது அல்ல. அது பிரட்டுக்களம்.

பையனுக்குப் பதில்

தம்பி, சிரித்தது குற்றமில்லை. சிரிக்க வைத்ததும் குற்றமில்லை. சிரித்துவிட்டு உன்னைத் தனியே விட்டதுதான் குற்றம். அது எங்களுடையது.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. சங்கத்திடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, இந்தச் செய்தித்தாளில் மாதம் ஒரு பக்கத்தை இளைஞர்களின் நையாண்டிக்கு விடுங்கள். சங்கத்தைப் பற்றியதையும் வெட்டாமல் போடுங்கள். இரண்டு, எழுத்துக்கோ நாடகத்துக்கோ முகநூல் பதிவுக்கோ ஒரு அங்கத்தவரை விசாரணைக்கு அழைத்தால், அது சம்பளப் பிரச்சினைபோலவே சங்கத்தின் பிரச்சினை என்று தீர்மானம் போடுங்கள். மூன்று, பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் நீக்கு என்ற கோரிக்கையை மேதினப் பதாகையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அங்கத்தவர்களுக்கும் சில வார்த்தை. யாராவது வந்து பெயர் கேட்டால் அவர்கள் யார், எந்த நிலையம், எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் அழைப்புக் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், சட்டத்தரணியோடு போங்கள். தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் தொலைபேசி 1996. வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. இவ்வளவையும் அறிந்துவைத்தவனிடம் பயம் கொஞ்சம் தள்ளியே நிற்கும்.

நாடகம் நின்றுபோன அந்தப் பொங்கலுக்குப் பிறகு, ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து, அதை மேடையேற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எட்டுப் பேரில் மூவர் இப்போது என் பக்கம். ஐந்து பேர் இன்னும் யோசிக்கிறார்கள். அவர்கள் யோசிப்பதற்கு நாற்பது வருடக் காரணம் இருக்கிறது, அவசரப்படுத்த மாட்டேன். பிள்ளைகள் மீண்டும் ஒத்திகை பார்க்கிறார்கள். சங்கத் தலைவராக வருபவருக்கு நல்ல வெள்ளை வேட்டி ஒன்று தேவை என்றார்கள்.

என்னுடையதைக் கொடுத்திருக்கிறேன்.